சர்ச், கதீட்ரல், பசிலிக்கா, சேப்பல்... எல்லாமே தேவாலயம்தானே? என்ன வித்தியாசம்?

2025 ஏப்ரல் 26. போப் பிரான்சிஸின் உடல் வாடிகனின் புனித பீட்டர் பசிலிக்காவில் இருந்து ரோம் நகரின் சாலைகள் வழியாக எடுத்துச் செல்லப்பட்டு, புனித மேரி மேஜர் பசிலிக்காவில் அடக்கம் செய்யப்பட்டது. மே 8ஆம் தேதி சிஸ்டைன் சேப்பலின் புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தது. புதிய போப்பாகத் தேர்வான பதினான்காம் லியோ, மே 25ஆம் தேதி ரோமில் உள்ள லாத்தரன் கதீட்ரலுக்குப் போய் அங்கிருந்த நாற்காலியில் முறைப்படி அமர்ந்தார்.

ஒரே மாதம். பசிலிக்கா, சேப்பல், கதீட்ரல் என்று மூன்று வார்த்தைகள். தமிழில் சொல்லும்போது மூன்றுக்குமே 'தேவாலயம்' அல்லது 'பேராலயம்' என்று போட்டு முடித்துவிடுகிறோம். சின்னதா இருந்தா சேப்பல், நடுத்தரமா இருந்தா சர்ச், ரொம்பப் பெருசா இருந்தா கதீட்ரல் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையில் இந்த வார்த்தைகளுக்கும் கட்டடத்தின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே யார் உட்காருகிறார், யாருக்காகக் கட்டப்பட்டது, யார் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார் என்பதைத்தான் ஒவ்வொரு வார்த்தையும் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சர்ச்: கட்டடமா, மக்களா?

முதல் குழப்பமே 'சர்ச்' என்ற வார்த்தையில்தான் தொடங்குகிறது. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனேன்" என்றால் அது கட்டடம். "இந்த விவகாரத்தில் கத்தோலிக்க சர்ச்சின் நிலைப்பாடு என்ன?" என்றால் அது கட்டடம் இல்லை. அந்த நம்பிக்கையைச் சேர்ந்த மொத்த அமைப்பு, அதன் மக்கள், அதன் தலைமை எல்லாம் சேர்ந்தது.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. தமிழ் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. கட்டடத்துக்கு ஆலயம், தேவாலயம், கோயில் என்கிறோம். அமைப்புக்கு 'திருச்சபை' என்கிறோம். அதனால் "தேவாலயம் அறிவித்துள்ளது" என்று யாராவது எழுதினால், பல நேரங்களில் அவர்கள் சொல்ல வந்தது திருச்சபையைத்தான்.

இந்த இரட்டை அர்த்தத்துக்குப் பின்னால் இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. 'கிரியாகோன்' என்றால் ஆண்டவருக்கு உரியது. அதிலிருந்து வந்ததுதான் ஆங்கிலத்தின் சர்ச், ஜெர்மனின் கிர்ஹே, ஸ்காட்லாந்துக்காரர்களின் கிர்க். சென்னை எழும்பூரில் இருக்கும் புனித ஆண்ட்ரூ ஆலயத்தை இன்றும் 'கிர்க்' என்று அழைப்பது இதனால்தான். 1821ல் திறக்கப்பட்ட அந்த ஆலயம், மெட்ராஸில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது.

இன்னொரு சொல் 'எக்லேசியா'. கூட்டப்பட்ட மக்கள், அதாவது சபை என்று அர்த்தம். பிரெஞ்சின் எக்லீஸ், ஸ்பானிஷின் இக்லேசியா எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஆக, ஒரு சொல் இடத்தைக் குறித்தது, இன்னொரு சொல் கூடியிருப்பவர்களைக் குறித்தது. ஆங்கிலம் ஒரே வார்த்தையை வைத்து இரண்டு வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கதீட்ரல்: ஒரு நாற்காலியின் பெயர்

'கதீட்ரா' என்றால் லத்தீனில் நாற்காலி. ஒரு மறைமாவட்டத்தின் தலைவரான பிஷப், அதாவது ஆயர், எந்த ஆலயத்தில் தன் அதிகாரப்பூர்வ இருக்கையை வைத்திருக்கிறாரோ, அதுதான் கதீட்ரல். அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், கலெக்டர் எங்கே உட்காருகிறாரோ அது கலெக்டர் ஆபீஸ். மாவட்டத்திலேயே பெரிய கட்டடமாக அது இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பக்கத்தில் அதைவிடப் பெரிய மால் இருக்கலாம். ஆனால் மாவட்டத்தின் தலைமை அலுவலகம் அந்த மால் ஆகிவிடாது.

சென்னையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கதீட்ரல் ரோட்டுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான புனித ஜார்ஜ் ஆலயம், 1816ல் அர்ச்சிக்கப்பட்டபோது வெறும் சர்ச்தான். 1835ல் மெட்ராஸுக்கு ஆங்கிலிக்கன் திருச்சபை தனி மறைமாவட்டம் அமைத்து, பிஷப்பை நியமித்தது. உடனே அது கதீட்ரல் ஆனது. பெரிதாக்கிக் கட்டியதால் கிடைத்த பெயர் இல்லை. பிஷப்பின் நாற்காலி உள்ளே வந்ததால் கிடைத்த பெயர். தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., 1947 செப்டம்பர் 27ல் தொடங்கப்பட்டதும் இதே ஆலயத்தில்தான்.

அப்படியென்றால் பிஷப்பே இல்லாத சபைகளில் கதீட்ரல் இருக்க முடியுமா? பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொருள்படி அது கதீட்ரல் இல்லை. இதற்கு உலகப் புகழ்பெற்ற ஒரு கதையே இருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கார்டன் குரோவ் என்ற ஊரில் 1980ல் ஒரு பிரம்மாண்டக் கண்ணாடி ஆலயம் திறக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகள். வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன். கட்டச் சொன்னவர், 'ஹவர் ஆஃப் பவர்' என்ற டிவி நிகழ்ச்சி மூலம் உலகம் முழுக்கப் பிரபலமான போதகர் ராபர்ட் ஷுல்லர். பெயர் 'கிரிஸ்டல் கதீட்ரல்'. ஆனால் அவர் சார்ந்திருந்த சீர்திருத்தத் திருச்சபையில் பிஷப் பதவியே கிடையாது. பெயரில் மட்டும்தான் கதீட்ரல்.

2010ல் அந்த அமைப்பு கடன் தாங்காமல் திவால் மனு போட்டது. அந்தப் பகுதியின் கத்தோலிக்க மறைமாவட்டம் 5 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வளாகத்தை வாங்கியது. உள்ளே மாற்றங்கள் செய்து, 2019 ஜூலையில் 'கிறைஸ்ட் கதீட்ரல்' என்ற பெயரில் அர்ச்சித்தது. கிட்டத்தட்ட நாற்பது வருடம் பெயரளவில் கதீட்ரலாக இருந்த கட்டடம், ஆயரின் இருக்கை உள்ளே வந்த பிறகுதான் நிஜமாகவே கதீட்ரல் ஆனது.

பசிலிக்கா: போப் கொடுக்கும் பட்டம்

கதீட்ரல் என்பது பதவி என்றால், பசிலிக்கா என்பது விருது மாதிரி. பதவியை வைத்து விருது வருவதில்லை, விருதை வைத்துப் பதவி வருவதும் இல்லை. இரண்டும் ஒரே இடத்துக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

பழைய ரோமில் பசிலிக்கா என்பது வழிபாட்டு இடமே இல்லை. வழக்கு விசாரணை, வியாபாரப் பேச்சு எல்லாம் நடக்கும் நீளமான பொது மண்டபம். கிறிஸ்தவர்கள் வெளிப்படையாக ஆலயம் கட்டத் தொடங்கியபோது, நிறைய பேர் கூடுவதற்கு இந்த மண்டப வடிவம் வசதியாக இருந்தது. அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது. பிறகு கத்தோலிக்கத் திருச்சபையில் அது ஒரு கௌரவப் பட்டமாக மாறியது.

பசிலிக்காவில் இரண்டு வகை. 'மேஜர்' பசிலிக்கா உலகத்திலேயே நான்குதான். நான்குமே ரோமைச் சேர்ந்தவை: புனித பீட்டர், புனித ஜான் லாத்தரன், புனித மேரி மேஜர், மதில்களுக்கு வெளியே உள்ள புனித பவுல் பசிலிக்கா. மற்ற எல்லாமே 'மைனர்' பசிலிக்காதான், வேளாங்கண்ணி உட்பட. மைனர் என்றால் மட்டம் என்று அர்த்தம் இல்லை. அது ஒரு வகைப்பாடு மட்டுமே.

உள்ளே போனால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பாதி விரிந்த நிலையில் சிவப்பும் மஞ்சளும் கலந்த பட்டுக்குடை ஒன்றும், கம்பத்தில் கட்டிய சின்ன மணி ஒன்றும் பீடத்தின் அருகே வைக்கப்பட்டிருக்கும். இவை பசிலிக்காவின் பாரம்பரிய அடையாளங்கள். வாடிகனின் குறுக்குச் சாவி சின்னமும் இருக்கலாம்.

இந்தப் பட்டத்தை வாடிகன்தான் தர முடியும். அதனால் சி.எஸ்.ஐ., லூத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் கதீட்ரலோ பெரிய ஆலயமோ இருக்கலாம், ஆனால் இந்த அர்த்தத்தில் பசிலிக்கா இருக்காது.

உலகின் பிரபலமான 'கதீட்ரல்' கதீட்ரலே இல்லை!

இங்கேதான் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். வாடிகனில் இருக்கும் புனித பீட்டர் பசிலிக்கா ஒரு கதீட்ரல் கிடையாது. போப் என்பவர் ரோம் மறைமாவட்டத்தின் ஆயரும்கூட. ரோமின் ஆயருக்கான இருக்கை, புனித ஜான் லாத்தரன் ஆலயத்தில் இருக்கிறது. அதனால் அதுதான் போப்பின் கதீட்ரல். ஒவ்வொரு புதிய போப்பும் பதவியேற்ற பிறகு அங்கே போய் இருக்கையில் அமர்வது வழக்கம். லியோ மே 25ல் செய்ததும் அதைத்தான்.

ஸ்பெயினின் பார்சிலோனாவுக்குப் போனால் எல்லோரும் தேடிப் பார்ப்பது சக்ரதா பமீலியாவை. 1882ல் தொடங்கிய கட்டுமானம். 2010 நவம்பர் 7ல் பதினாறாம் பெனடிக்ட் அதை அர்ச்சித்து பசிலிக்காவாக அறிவித்தார். ஆனால் பார்சிலோனாவின் கதீட்ரல் அது இல்லை. பழைய நகரப் பகுதியில், புனித யூலாலியா பெயரில் இருக்கும் வேறு ஆலயம்தான் கதீட்ரல்.

பாரிஸின் நோத்ரு தாம் இரண்டுமே. பாரிஸ் பேராயரின் கதீட்ரல், கூடவே 1805 முதல் மைனர் பசிலிக்கா. 2019 ஏப்ரலில் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது இந்த ஆலயம்தான்.

இந்தியாவில் இந்த வித்தியாசத்தை நின்ற இடத்தில் இருந்தே பார்க்கலாம். பழைய கோவாவில் சாலைக்கு ஒரு பக்கம் போம் ஜீசஸ் பசிலிக்கா, இன்னொரு பக்கம் சே கதீட்ரல். புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருப்பது பசிலிக்காவில். கோவா பேராயரின் இருக்கை இருப்பது கதீட்ரலில். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உடலை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, பசிலிக்காவில் இருந்து கதீட்ரலுக்கு எடுத்துச் செல்வார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை இப்படி நடந்தது.

தமிழ்நாட்டில் எது எது?

சென்னை சாந்தோம் ஆலயம், சென்னை மயிலை பேராயரின் கதீட்ரல். 1956ல் பசிலிக்கா பட்டமும் கிடைத்தது. அதனால் இது இரண்டும் சேர்ந்தது. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1896ல் எழுப்பப்பட்டது.

வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை ஆலயம் 1962ல் பசிலிக்கா ஆனது. லட்சக்கணக்கானவர்கள் நடந்தே வரும் இடம். ஆனாலும் கதீட்ரல் இல்லை. வேளாங்கண்ணி தஞ்சாவூர் மறைமாவட்டத்தில் வருகிறது. அதன் கதீட்ரல், தஞ்சாவூரில் இருக்கும் திருஇருதய ஆலயம்.

தூத்துக்குடியில் தேர்த் திருவிழாவுக்குப் பேர் போன பனிமய மாதா ஆலயம் 1982 முதல் பசிலிக்கா. அங்கேயும் கதீட்ரல் தனியாக, திருஇருதய ஆலயம் என்ற பெயரில் இருக்கிறது. புதுச்சேரியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருஇருதய ஆலயம் 2011ல் பசிலிக்கா ஆனது. அங்கே கதீட்ரல் என்பது ஜென்மராக்கினி மாதா ஆலயம். பூண்டி மாதா ஆலயம் 1999ல் பசிலிக்கா பட்டம் பெற்றது.

குழப்பம் வருவதற்குத் தமிழும் ஒரு காரணம். வேளாங்கண்ணியையும் 'பேராலயம்' என்கிறோம், தஞ்சாவூர் கதீட்ரலையும் 'பேராலயம்' என்கிறோம். பதவிக்கும் விருதுக்கும் ஒரே சொல். அதனால் வித்தியாசம் தெரிய வேண்டிய இடங்களில் கதீட்ரல், பசிலிக்கா என்று அப்படியே சொல்வதுதான் தெளிவு.

ஷ்ரைன்: பயணம் போகும் இடம்

ஷ்ரைன் என்பதற்குத் தமிழில் 'திருத்தலம்'. ஏதோ ஒரு சிறப்புக் காரணத்துக்காக பக்தர்கள் யாத்திரையாகத் தேடி வரும் இடம். கத்தோலிக்கச் சட்டப்படி, உள்ளூர் ஆயரின் ஒப்புதல் இருந்தால்தான் ஒரு ஆலயம் திருத்தலம். தேசியத் திருத்தலம் என்று சொல்ல ஆயர் பேரவையின் ஒப்புதல் வேண்டும். சர்வதேசத் திருத்தலம் என்றால் வாடிகனின் ஒப்புதல் வேண்டும்.

ஒரு திருத்தலம் பசிலிக்காவாகவும் இருக்கலாம். வேளாங்கண்ணி அப்படித்தான். பிரான்சின் லூர்து நகரத் திருத்தல வளாகத்துக்குள் மூன்று பசிலிக்காக்கள் இருக்கின்றன. ஆனால் அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் லூர்தில் இல்லை, தார்ப் என்ற ஊரில் இருக்கிறது. 'கீழ்த்திசை லூர்து' என்று அழைக்கப்படும் வேளாங்கண்ணிக்கும் இதே நிலைமைதான் என்பது ஒரு பொருத்தம்!

சென்னை பெசன்ட் நகர் மாதா கோயிலை வேளாங்கண்ணி என்றே பலரும் சொல்வார்கள். அது அன்னை வேளாங்கண்ணி பெயரில் அமைந்த திருத்தலம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருப்பதுதான் பசிலிக்கா.

தெரு முனையில், பாறைக் குகை மாதிரி கட்டி மாதா சொரூபம் வைத்திருப்பார்களே, அது ஷ்ரைன் என்ற கணக்கில் வராது. அதற்குத் தமிழில் 'கெபி' என்றே பெயர் இருக்கிறது.

சேப்பல்: குறிப்பிட்ட ஆட்களுக்கான ஆலயம்

கல்லூரி வளாகத்துக்குள், ஆஸ்பத்திரிக்குள், கன்னியர் மடத்துக்குள் இருக்கும் வழிபாட்டு இடம்தான் பெரும்பாலும் சேப்பல். தமிழில் 'சிற்றாலயம்'. ஊருக்குப் பொதுவான ஆலயம் இல்லை. அந்த இடத்தில் இருக்கும் மாணவர்கள், நோயாளிகள், துறவிகள் போன்ற ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கானது. போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இருப்பது மாதிரி.

'சிற்றாலயம்' என்று சொன்னாலும் எல்லாம் சின்னதாக இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் கிங்ஸ் கல்லூரி சேப்பல், பல ஊர்களின் முதன்மை ஆலயங்களைவிடப் பெரியது. போப் தேர்தல் நடக்கும் சிஸ்டைன் சேப்பல், வாடிகன் அரண்மனைக்குள் போப்பின் பயன்பாட்டுக்காகக் கட்டப்பட்டது. சுமார் 40 மீட்டர் நீளம். நான்காம் சிக்ஸ்டஸ் என்ற போப்பின் பெயரில் இருந்து வந்ததுதான் 'சிஸ்டைன்'.

சேப்பல் என்ற சொல்லே ஒரு மேலங்கியில் இருந்து வந்தது. குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்கு, படைவீரராக இருந்த மார்ட்டின் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார் என்பது ஐரோப்பாவில் பிரபலமான கதை. அந்த அங்கிக்கு லத்தீனில் 'கப்பெல்லா'. அதைப் பாதுகாத்து வைத்த இடத்துக்கும் அதே பெயர் வந்தது. அதைக் கவனித்துக்கொண்ட குருக்களுக்கு வந்த பெயர்தான் இன்று ராணுவத்திலும் மருத்துவமனைகளிலும் இருக்கும் 'சாப்ளின்'.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. அரசு சார்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேராத மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்றவர்களின் வழிபாட்டு இடங்களை அங்கே சேப்பல் என்பார்கள். ஒருவர் சர்ச்சுக்குப் போகிறவரா, சேப்பலுக்குப் போகிறவரா என்பதை வைத்தே அவரது சமூகப் பின்னணியைக் கணக்குப் போட்ட காலம் அங்கே இருந்தது.

அபே: துறவிகள் இல்லாத மடம்

அபே என்றால் ஒரு மடாதிபதியின் கீழ் துறவிகள் வாழும் மடம். ஆனால் 2023 மே 6ல் மன்னர் சார்லஸுக்கு முடிசூட்டு விழா நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இப்போது துறவிகள் யாரும் இல்லை. எட்டாம் ஹென்றி 1540ல் அந்த மடத்தைக் கலைத்துவிட்டார். பிறகு சில ஆண்டுகள் அது கதீட்ரலாகவும் இருந்தது. இன்று அது மடமும் இல்லை, கதீட்ரலும் இல்லை. எந்த பிஷப்புக்கும் கட்டுப்படாமல் நேரடியாக அரச பரம்பரையின் கீழ் இயங்குகிறது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் இருக்கிறது. இது கத்தோலிக்கர்களுடையது, 1903ல் திறக்கப்பட்டது. லண்டனில் டாக்சியில் ஏறி "வெஸ்ட்மின்ஸ்டர் சர்ச்" என்று மட்டும் சொன்னால் இறங்குகிற இடம் மாறிப்போகலாம்.

ஆயர், பேராயர்: சபை மாறினால் அர்த்தமும் மாறும்

கட்டடங்களைப் போலவே ஆட்களின் பெயர்களிலும் குழப்பம் உண்டு. செய்தி படிக்கும்போது இது ரொம்பவே கவனிக்க வேண்டிய விஷயம்.

கத்தோலிக்கர்களிடம் பிஷப் என்றால் 'ஆயர்', ஆர்ச்பிஷப் என்றால் 'பேராயர்'. ஆனால் சி.எஸ்.ஐ. திருச்சபையில் பிஷப்பையே 'பேராயர்' என்பார்கள். அங்கே பல இடங்களில் 'ஆயர்' என்றால் ஒரு சபையை நடத்தும் பாஸ்டர். சி.எஸ்.ஐ. அமைப்பின் தலைவரான மாடரேட்டர், 'பிரதமப் பேராயர்'. ஆக, 'ஆயர்' என்ற ஒரே சொல் ஒரு சபையில் மறைமாவட்டத்தின் தலைவர், இன்னொரு சபையில் ஓர் ஆலயத்தின் போதகர். எந்தத் திருச்சபை என்று பார்க்காமல் மொழிபெயர்த்தால் பதவியே மாறிவிடும்.

நிர்வாகப் பகுதிகளுக்கும் இப்படித்தான். கத்தோலிக்கர்களின் 'பங்கு', திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. மக்களிடம் 'சேகரம்'. அவர்களின் 'மறைமாவட்டம்', இவர்களின் 'திருமண்டலம்'.

ஃபாதர் என்பது கத்தோலிக்கக் குருவை அழைக்கும் சொல். பாஸ்டர் என்பது பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே சபைகளின் போதகர். ரெவரெண்ட் என்பது பதவியே இல்லை, மரியாதை அடைமொழி. நம் 'அருட்திரு' மாதிரி. போர்ச்சுகீசிய 'பாத்ரே'யில் இருந்து வந்த 'பாதிரியார்' என்ற சொல்லை எல்லோருக்குமே போட்டுவிடுவது நம் வழக்கம். கேட்பவருக்கு அவர் எந்தச் சபை என்பது தெரியாமலே போய்விடுகிறது.

இது தெரிஞ்சா நமக்கு என்ன லாபம்?

வார்த்தை விளையாட்டு மாதிரி தெரிந்தாலும், சில இடங்களில் இந்த வித்தியாசம் நேரடியாகக் குடும்பங்களைப் பாதிக்கும்.

முதலில் ஞானஸ்நானச் சான்றிதழ். கத்தோலிக்கர்களிடம் இந்தப் பதிவு இருப்பது பங்கு ஆலயத்தில், ஆங்கிலத்தில் பாரிஷ் என்பார்கள். ஒருவருக்கு ஏதோ ஒரு சிற்றாலயத்திலோ கிளைப்பங்கிலோ ஞானஸ்நானம் நடந்திருக்கலாம். ஆனால் பதிவேட்டைப் பராமரிப்பது பங்குத்தந்தை. அதனால் தாத்தா, பாட்டியின் பழைய சான்றிதழைத் தேடுபவர்கள், "எந்தக் கோயில்ல ஞானஸ்நானம்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "அப்போ அது எந்தப் பங்குல இருந்துச்சு?" என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது திருமணம். பிரபலமான பசிலிக்காவில் தாலி கட்ட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் நிறைய. ஆனால் கத்தோலிக்கச் சட்டப்படி திருமணம் நடக்க வேண்டிய இடம், மணமகன் அல்லது மணமகளின் சொந்தப் பங்கு ஆலயம். வேறு இடத்தில் நடத்த வேண்டும் என்றால் அங்கிருந்து அனுமதி வாங்க வேண்டும். ஓலை வாசிப்பதும் சொந்தப் பங்கில்தான். மண்டபத்தை புக் செய்துவிட்டு, பத்திரிகையும் அடித்துவிட்டு, கடைசி நேரத்தில் பங்குத்தந்தையிடம் போய் நிற்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது சட்டம். இந்தியாவில் கிறிஸ்தவத் திருமணங்களுக்கு இன்றும் 1872ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆயரால் குருப்பட்டம் அளிக்கப்பட்டவர், தன் திருச்சபை முறைப்படி திருமணம் நடத்தி வைக்க அந்தச் சட்டமே அதிகாரம் கொடுக்கிறது. கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. குருக்கள் இந்த வகையில் வருகிறார்கள். ஆயர் அமைப்பு இல்லாத தனிச் சபைகளின் பாஸ்டர்களுக்கு, திருமணம் நடத்தி வைக்க அரசின் உரிமம் தேவை. சபை பெரியதா சின்னதா என்பது சட்டத்துக்கு முக்கியம் இல்லை. நடத்தி வைப்பவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது இல்லாவிட்டால், பாஸ்போர்ட், விசா, வாரிசுரிமை என்று வரும்போது திருமணச் சான்றிதழே சிக்கலாகலாம். நாள் குறிப்பதற்கு முன்பே பாஸ்டரிடம் உரிமம் பற்றிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

சுருக்கமாக...

* சர்ச்: பொதுவான ஆலயம். சில இடங்களில் திருச்சபை என்ற மொத்த அமைப்பு.
* பாரிஷ் (பங்கு): ஒரு பகுதி மக்களுக்கான பிரிவு. பதிவேடுகள் இங்கேதான்.
* சேப்பல் (சிற்றாலயம்): கல்லூரி, மருத்துவமனை, மடம் போன்ற இடங்களில் குறிப்பிட்ட கூட்டத்துக்கானது.
* ஷ்ரைன் (திருத்தலம்): யாத்திரை போகும் இடம். ஆயரின் ஒப்புதல் வேண்டும்.
* கதீட்ரல்: பிஷப்பின் இருக்கை உள்ள ஆலயம்.
* பசிலிக்கா: வாடிகன் அளிக்கும் கௌரவப் பட்டம். கத்தோலிக்க ஆலயங்களுக்கு மட்டும்.
* அபே: துறவிகளின் மடம், அல்லது ஒரு காலத்தில் மடமாக இருந்த ஆலயம்.

அடுத்த முறை ஒரு பிரம்மாண்ட ஆலயத்தைப் பார்த்ததும் "எவ்ளோ பெரிய கதீட்ரல்!" என்று சொல்லத் தோன்றினால், கோபுரத்தின் உயரத்தை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். ஆயருக்கான நாற்காலி இருந்தால் கதீட்ரல். பாதி விரிந்த பட்டுக்குடை இருந்தால் பசிலிக்கா. இரண்டுமே இருந்தால், சாந்தோம் மாதிரி ஒரு இடத்தில் நிற்கிறீர்கள்.